ஓட்டை போட்ட கொண்டி

உக்காருங்க அம்மிணி. அந்த நாற்காலி வேண்டாமுங்க, அதுக்கு ஒரு கால் ஆடுது. இதுல உக்காருங்க.

நீங்க அனுப்புன கேள்வியெல்லாம் படிச்சுட்டனுங்க. பதினேழு கேள்வி. நெம்ப சந்தோசம். ‘மயில்’ ரைஃபிளைப் பத்தி ஒருத்தங்க புஸ்தகம் எழுதறாங்க, அதுவும் சும்மா படத்தைப் போட்டு எழுதாம, எந்த வருசம் எந்தப் பாகம் மாறுச்சு, எதனால மாறுச்சுன்னு கேட்டுக் கேட்டு எழுதறாங்கன்னா, நாங்க செஞ்சது வீண் போகலைன்னுதானே அர்த்தம். உங்ககிட்டயே மூணு மயிலு இருக்குதுன்னு போன்ல சொன்னீங்க. மூணுலயும் பேரலுக்கு இடது பக்கம் பாருங்க. மயில் முத்திரைக்கு அடியில எள்ளு மாதிரி ஒரு இங்கிலீஷ் ‘வி’ குத்தியிருக்கும். அது நான்தானுங்க. வெள்ளிங்கிரி. எழுபத்திரண்டுல கம்பெனி தொடங்குன நாள்ல இருந்து தொண்ணூத்தொம்பது வரைக்கும் கடைசிச் சோதனை என்னுது. அந்த எழுத்து விழுந்தாத்தான் துப்பாக்கி பொட்டிக்குள்ள போகும்.

வரிசையாவே சொல்றேன், எழுதிக்குங்க.

மொதல் மயிலுக்கு, தோள்ல முட்டுக் குடுக்கற கட்டை தோதகத்தி, அதுதான் ஈட்டி மரம். முதலாளி வரதராஜுலுவுக்கு ஆசை, பாக்கறதுக்கு அரண்மனைச் சாமான் மாதிரி இருக்கோணும்னு. இருந்துச்சு. தூக்கத்தான் முடியலை. காலேஜ்ல படிக்கிறவங்க நின்னுக்கிட்டுச் சுடறப்போ கை நடுங்கி, குண்டு பக்கத்து ஆளோட குறி அட்டைல விழும். எழுபத்தஞ்சுல சில்வர் ஓக்குக்கு மாறுனோம். நீலகிரி டீத் தோட்டத்துல நெழலுக்கு வெக்கிற மரம். லேசா இருக்கும், ஆனா நகம் பட்டாப் பள்ளம் விழும். தொண்ணூத்திரண்டுல பிளாஸ்டிக்கு. பிளாஸ்டிக்குன்னதும் மூஞ்சியச் சுளிக்கிறீங்களே. மழைக்கு முறுக்கிக்காத மொதல் கட்டை அதுதானுங்க.

பேரலுக்குள்ள சுத்திச் சுத்திப் போகுமே ஆறு வரி, அதை ஆரம்பத்துல ஒவ்வொரு வரியாச் சீவி எடுத்தோம். ஒரு பேரலுக்கு ஒண்ணரை மணி நேரம். எழுபத்தொம்பதுக்கு மேல ஒரு கெட்டிக் குமிழை உள்ள விட்டு ஒரே இழுவைல இழுத்தா ஆறும் பதிஞ்சுரும். ரெண்டே நிமிசம். பழைய பேரலை விட அதுதான் நேராச் சுட்டுது. அதனால பழசெல்லாம் ஒசத்தி, புதுசெல்லாம் மட்டம்னு மட்டும் எழுதிராதீங்க. அப்படிச் சொல்றவங்க ஒருத்தரும் மில்லிங் மெசின்கிட்ட நின்னவங்க இல்லை. விசைக்கு அடியில வளையம் மாதிரி ஒரு காப்பு இருக்குதே, அதை ஒரு முழு இரும்புக் கட்டியில இருந்து கடைஞ்சு எடுத்தோம். அரைக்கிலோ இரும்புல அம்பது கிராம் காப்பு, மிச்சமெல்லாம் சுருள் சுருளாக் குப்பைக்கு. எம்பத்தொண்ணுல பட்டையை வளைச்சுப் போட்டோம். யாருக்கு என்ன கொறைஞ்சுது? குறி பாக்கற பின்கண்ணும் அப்படித்தான். கடைசல் போயி, தகட்டுல அடிச்சது வந்துச்சு.

எட்டு ஆச்சுங்களா. பத்தாவது, தோட்டா வெக்கிற பொட்டி. அது அஞ்சு தோட்டாப் பொட்டியா இருந்து பத்து தோட்டாவானது...

ஒம்பதுங்களா. ஆமா, விட்டுட்டேன். கொண்டில எதுக்கு ஓட்டை. அது ஒண்ணுமில்லீங்க, எண்ணெய் விடறதுக்கு. எண்ணெய் ஓட்டைன்னு எழுதிக்குங்க.

ஏன் எழுத மாட்டீங்கறீங்க?

நீங்க சொல்றதும் சரிதான். கொண்டிக்கு எண்ணெய் விடக் கூடாதுன்னு மயிலோட கூடக் குடுக்கிற சின்னப் புஸ்தகத்துல நான்தான் எழுதுனேன். நாலாம் பக்கம். அதையும் படிச்சுட்டுத்தான் வந்திருக்கீங்க.

அந்தக் கதவைச் சித்தெ சாத்துங்க அம்மிணி. உள்ள நாச்சம்மா இருக்கா, என் ஊட்டுக்காரி. அவளுக்கு இது தெரியாது.

மொதல்ல கொண்டின்னா என்னன்னு, உங்க புஸ்தகத்தைப் படிக்கிறவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லிர்றேன். தோட்டாவைப் போட்டு, பின்வாயை அடைக்கிற போல்ட்டை முன்னால தள்ளி மூடுனா, உள்ள ஸ்பிரிங்கு அமுங்கி ஊசி பின்னால நிக்குது. அந்த ஊசி பாஞ்சு போயித் தோட்டாவோட விளிம்புல அடிச்சாத்தான் வெடிக்கும். நீங்க விசையை இழுக்கற வரைக்கும் ஊசியைப் பிடிச்சு நிறுத்தறதுக்கு ஒரே ஒரு பல்லு. சுண்டுவிரல் நகம் அகலம். நீங்க சியர்னு எழுதியிருக்கீங்க. பட்டறைல எங்களுக்குக் கொண்டி.

எழுபத்திரண்டுல இருந்து எம்பத்தி மூணு வரைக்கும் கொண்டியை நல்ல கெட்டி இரும்புல கடைஞ்சு எடுத்தோம். பதினோரு வேலை. ஒருத்தர் கடைஞ்சு, ஒருத்தர் அறுத்து, ஒருத்தர் அரம் போட்டு. மாசத்துக்கு நாப்பது துப்பாக்கிக்கு மேல போகாததுக்குக் காரணமே இந்தக் கொண்டிதான். கட்டை தயாரா இருக்கும், பேரல் தயாரா இருக்கும், கொண்டி இருக்காது. நான் ரோசனை பண்ணேன். மூணு மில்லி தகட்டை பிரஸ்ல வெச்சு அடிச்சா ரெண்டே அடியில கொண்டி. இது முதலாளி சொன்னதில்லீங்க, இஞ்சினியர் சொன்னதில்லீங்க. என் ரோசனை. அதைத் தெளிவா எழுதிக்குங்க. அன்னிக்கும் அதைத்தான் எல்லார்கிட்டயும் தெளிவாச் சொல்லிக்கிட்டிருந்தேன்.

தகட்டுல அடிக்கோணும்னா இரும்பு மெதுவா இருக்கோணும். மெது இரும்பு தேயும். அதுக்கு வழி இருக்குது. கரித்தூளோட இரும்புப் பொட்டில அடைச்சு உலைல வெச்சா, கரி மெல்ல மெல்ல இரும்புக்குள்ள ஏறும். அப்புறம் எண்ணெய்ல முக்குனா மேல்தோலு கண்ணாடி மாதிரி கெட்டியாயிரும். உலைல எத்தனை நேரம் கெடக்குதோ அத்தனை ஆழத்துக்குத் தோலு.

உலையைப் பாத்துக்கிட்டவர் ராக்கியண்ணன். என்னை விட ஆறு வயசு மூப்பு. அன்னூர்ப் பக்கம். அஞ்சாவதோட படிப்பை விட்டவரு. உலைக் கதவைத் தொறந்து நெறத்தைப் பாத்தாருன்னா எத்தனை டிகிரின்னு சொல்லிப் போடுவாரு, மீட்டரும் அதையேதான் சொல்லும். நான் அவரை அண்ணாம்பேன். அவரு என்னை வாங்க போங்கம்பாரு. நான் பதவில மேலயில்லீங்களா.

பத்து கொண்டி மாதிரிக்கு அடிச்சு, அவர்கிட்டக் குடுத்து, கெட்டி பண்ணி வாங்குனேன். மெசின்ல மாட்டி, ஒவ்வொண்ணையும் அஞ்சாயிரம் தடவை மூடித் தொறந்து சோதிச்சோம். பத்தும் நின்னுச்சு. எம்பத்தி நாலு தொடக்கத்துல உற்பத்தி. மாசத்துக்கு நாப்பது போன எடத்துல எம்பதுன்னு எச்சாயி, ஆடர் பிச்சுக்கிட்டு வந்துச்சு. அந்த வருச ஆயுத பூசைக்கு முதலாளி எல்லார்த்து முன்னாலயும் எனக்கு மாலை போட்டு ஒரு கைக்கடியாரம் கட்டி விட்டாரு.

உற்பத்திக்கு ஒரு சீட்டு எழுதோணும். என்ன தகடு, என்ன அடி, உலைல எத்தனை மணி நேரம்னு. நான் எழுதுனேன், மூணு மணி நேரம். மத்த பாகமும் அதே உலைலதான் வேகோணும், மூணுன்னாத்தான் ஒரு நாளைக்கு ரெண்டு பொட்டி எறக்க முடியும்.

மக்காநாள் காலைல ராக்கியண்ணன் அந்தச் சீட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு என் ரூமுக்கு வந்தாரு.

“ஏனுங்க, மூணுன்னு போட்டிருக்குதே. தப்பா விழுந்துருச்சுங்களா?”

“இல்லீங்கண்ணா. மூணுதான்.”

“நீங்க சோதிச்ச பத்தும் மூணுல எடுத்ததில்லீங்களே. அன்னிக்குப் போல்ட்டுத் தலையோட ஒண்ணா அடைச்சேன். எட்டு மணி நேரம் உள்ள கெடந்துது.”

“அப்படிங்களா.”

“மூணுக்குத் தோலு வெங்காயச் சருகாட்டத்தான் இருக்கும்.”

“நான் ஒருக்கா மறுபடி சோதிச்சுப் பாத்தர்றனுங்கண்ணா. நீங்க அதுவரைக்கும் சீட்ல இருக்கறபடி போடுங்க.”

சரீங்கன்னு போயிட்டாரு. நான் சோதிக்கலை. நேரமில்லைன்னு சொல்லுவேன். அன்னிக்கும் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கிட்டேன். நெசம் என்னன்னா அம்மிணி, சோதிச்சா தெரிஞ்சுரும்...

...அதனாலதானுங்க நீலகிரில இருந்து வர்ற சில்வர் ஓக்கை ஆறு மாசம் காய வெச்சுத்தான் கட்டைக்கு எடுப்போம். வெச்சுட்டுப் போ நாச்சம்மா. சக்கரை போட்டியா? அம்மிணிக்குக் கம்மியாப் போட்டியா? சரி, நீ போ, நாங்க கட்டை விசயந்தான் பேசிக்கிட்டிருக்கோம். கதவைச் சாத்திட்டுப் போ.

குடிங்க. ஆறிப் போகும்.

கடைசிச் சோதனைல அது எப்படித் தேறுச்சுன்னு கேக்கறீங்க. அரம் போட்டுப் பாப்போம். கெட்டியா இருந்தா அரம் வழுக்கும். வழுக்குச்சு. மேல்தோலு கெட்டிதானுங்களே. தோலு எத்தனை ஆழம்னு அரத்துக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ரெண்டு வருசம், எம்பத்தி நாலுல இருந்து எம்பத்தாறு தொடக்கம் வரைக்கும், நாளைக்கு மூணு நாலு துப்பாக்கில அந்த ‘வி’யைக் குத்தி அனுப்புனேன்.

எம்பத்தாறு பிப்ரவரில மலைப்பக்கம் ஒரு காலேஜ்ல இருந்து தந்தி வந்துது. எந்தக் காலேஜ்னு வேண்டாமுங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்லை. அங்க ரைஃபிள் கிளப்புல ஒரு பையன் தோட்டா போட்டு, போல்ட்டை மூடியிருக்கான். விசைல வெரலே வெக்கலை. மூடுன அதிர்ச்சில கொண்டி வழுக்கி, ஊசி பாஞ்சு, வெடிச்சுருச்சு. மூடறப்போ பேரல் சித்தெ பக்கவாட்டுல திரும்பியிருந்துருக்குது. திரும்பக் கூடாதுங்கறது விதி. விசாரணைல நான் அந்த விதியைப் பத்தி நெம்ப நேரம் பேசுனேன். ஆனா ஒருத்தன் பேரலைத் திருப்புனாங்கறதுக்காகத் துப்பாக்கி தானா வெடிக்கோணும்னு இல்லையே.

பக்கத்து எடத்துல படுத்துக் குறி பாத்துக்கிட்டிருந்த புள்ள பேரு எஸ்தர். ரெண்டாம் வருசம் படிச்சுது. குண்டு வலது உள்ளங்கைல ஏறி மணிக்கட்டுக்குக் கீழ வெளிய வந்துருச்சு. உசுருக்கு ஒண்ணுமில்லை. மூணு வெரலு மடங்காமப் போச்சு.

நான்தான் போனேன். எதுக்குப் போனேங்கறீங்க? துப்பாக்கியைப் பாக்கறதுக்கு. ஆசுபத்திரி அந்தத் தெருக் கோடியிலதான் இருந்துது. காலேஜ் ஆபீஸ் ரூம்ல மேசைல பேப்பரை விரிச்சு, போல்ட்டைக் கழட்டி, கொண்டியை எடுத்தேன். ஒம்பதாயிரம் தோட்டா சுட்டிருந்தாங்க. பல்லோட மொனை போயி, புளியங்கொட்டை மாதிரி வழவழன்னு இருந்துது. பொட்டலம் கட்டிக்கிட்டு அடுத்த பஸ்சுலயே மலை எறங்கிட்டேன்.

முதலாளி ஒரு வார்த்தைதான் கேட்டாரு. “வெள்ளிங்கிரி, இது டிசைன் தப்பா, வேலை தப்பா?”

டிசைன்னா நான். வேலைன்னா வேற யாரோ. அவரு அப்படி நெனைச்சுக் கேட்டாரா, இல்லை எனக்கு வழி காட்டறதுக்குக் கேட்டாரான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. “பாத்துச் சொல்றனுங்க”ன்னேன்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தாங்க. அந்த உற்பத்திச் சீட்டை எடுத்தேன். மூணுங்கற எண்ணு இருக்குதுங்களே, இடது பக்கம் ரெண்டு வளைவைச் சேத்தா எட்டு. ரெண்டே வளைவு. அளவு எழுதி எழுதிப் பழகுன கையி.

சாயங்காலம் முதலாளி ரூம்ல ராக்கியண்ணனைக் கூப்பிட்டாங்க. மேசைல சீட்டு. நான் முதலாளிக்குப் பக்கத்து நாற்காலில. அவரு நின்னுக்கிட்டிருந்தாரு. காக்கி டவுசரு, முழங்கையெல்லாம் கரி.

“சீட்ல எட்டுன்னு இருக்குது. நீ எத்தனை மணி நேரம் வெச்சே?”

ராக்கியண்ணன் குனிஞ்சு சீட்டைப் பாத்தாரு. நெம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் என்னையப் பாத்தாரு. நான் சன்னலைப் பாத்தேன்.

“மூணுங்க”ன்னாரு.

அவ்வளவுதான். அந்த வாரமே கணக்கை முடிச்சு அனுப்பிட்டாங்க. பதிமூணு வருசச் சர்வீஸு.

விசாரணைக் காகிதத்துல எஸ்தர் கையெழுத்தைப் பாத்தேன். இடது கைல போட்டிருந்துது. பேரு முழுசும் கோட்டுக்கு மேல ஏறியும் எறங்கியும், ஒண்ணாவது படிக்கிற குழந்தை எழுதுன மாதிரி.

அதுக்கப்புறம் கொண்டிக்கு எட்டு மணி நேரம். தகடும் அதுதான், அடியும் அதுதான். எட்டு மணி நேரத்துல கெட்டியானது நல்ல கொண்டி அம்மிணி, தொண்ணூத்தொம்பது வரைக்கும் ஒண்ணுகூடத் திரும்பி வரலை. புதுசு எது பழசு எதுன்னு பாத்தாத் தெரியாது, ரெண்டும் ஒரே உருவம். பட்டறைல பழசு ஒண்ணு ரெண்டு கலந்துரக் கூடாதுன்னு புதுசுல ஒரு சின்ன ஓட்டை போடச் சொன்னேன். அதுதானுங்க ஒம்பதாவது கேள்வி. அந்த ஓட்டை எதையும் செய்யாது. ஓட்டை இருந்தா எட்டு, இல்லைன்னா மூணு.

வெளிய போனதைத் திருப்பி வாங்கலாம்தான். வாங்கோணும்னா ஏன்னு சொல்லோணும். உலைக்காரர் ஒரு நாள் ஒரு பொட்டியைச் சீக்கிரமா எடுத்துட்டாருன்னு நாங்க எழுதிக் குடுத்திருந்தோம். ஒரு பொட்டிக்கு இருபது கொண்டி. அதுல வெளிய போனது அந்தக் காலேஜுக்குப் போனது மட்டும், மீதியை ஒடைச்சாச்சுன்னும் எழுதுனோம். நெசமா வெளிய போனது ஆயிரத்தெண்ணூத்தி நாப்பது துப்பாக்கி.

நான் அதை நெனைச்சு வருத்தப்படாம இருந்தேன்னு நெனைச்சுராதீங்க. தெனமும் நெனைப்பேன். ஆனா நான் நெனைச்சது ராக்கியண்ணனைத்தான். அவரு நின்னதை, குனிஞ்சு பாத்ததை. அதையே நெனைச்சு நெனைச்சு, வேற ஒண்ணும் நெனைக்க வேண்டியதில்லைங்கற மாதிரி ஆயிப்போச்சு.

ரெண்டாயிரத்து நாலுல, கம்பெனி மூடி மூணு வருசமாச்சு, முதலாளியும் போய்ச் சேந்துட்டாரு. எங்க தோட்டத்து மோட்டருக்கு ஒரு ஷாஃப்டு புதுசாக் கடைஞ்சேன். அதைக் கெட்டி பண்ணோணும். லேத்துக்காரர் சொன்னாரு, கெணத்துக்கடவுல ஒரு பெரியவர் இருக்காரு, அவர்கிட்டப் போங்க, அவர் கை பட்டா தேயாதுன்னு. பேரைக் கேக்காமயே போயிட்டேன். போயி எறங்குனா, தகரக் கொட்டாயில உலைக்கு முன்னால ராக்கியண்ணன். முடியெல்லாம் வெள்ளை. அதே காக்கி டவுசரு.

வாங்கன்னாரு. ஊட்டுல எல்லாரும் சௌக்கியங்களான்னாரு. ஷாஃப்டைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

“இதை எத்தனை மணி நேரம் வெக்கட்டும்?”

குத்திக் கேக்கறதா இருந்தாக்கூட எனக்குச் சமாளிக்கத் தெரிஞ்சிருக்கும். அவரு வேலைக்குத்தான் கேட்டாரு. அங்க கெடந்த கரி மூட்டை மேல உக்காந்துட்டேன்.

“அண்ணா, அந்தச் சீட்டை நான்தான்...”

“மூணை எட்டாக்குனதுங்களா? அன்னிக்கே பாத்தனே. சீட்டு பூராவும் நீல மையி. அந்த ரெண்டு வளைவு மட்டும் கறுப்பு.”

“அப்புறம் ஏனுங்கண்ணா சொல்லலை?”

“யார்கிட்டப் போயிச் சொல்றது? சொல்ற எடத்துல நீங்கதானே உக்காந்திருந்தீங்க.”

கோவமாச் சொல்லலை. உலைக் கதவைத் தொறந்து பாத்துக்கிட்டே சொன்னாரு. எனக்கு எல்லாத்தையும் சொல்லிரோணும்னு வந்துருச்சு. சோதிக்காததையும் சொன்னேன், ஓட்டை போட்டதையும் சொன்னேன். சொல்லி முடிச்சு, அவரு என்ன சொல்லப் போறாரோன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். திட்டுவாருன்னு நெனைச்சேன். இல்லை, போச்சாது போங்கன்னு மன்னிச்சுருவாருன்னு நெனைச்சேன். மன்னிச்சுருவாருன்னுதான் எச்சா நெனைச்சேன்னு வெச்சுக்குங்க.

அவரு கேட்டாரு, “ஓட்டை இல்லாதது எத்தனை வெளிய கெடக்குது?”

சொன்னேன்.

“பதினெட்டு வருசமா?”

அப்பத்தானுங்க அம்மிணி. அந்த நிமிசம் வரைக்கும் என் மனசுல ஒரு உலைக்காரர் மட்டும் நின்னுக்கிட்டிருந்தாரு. அந்த ஆயிரத்தெண்ணூத்தி நாப்பது கொண்டியும் ஒவ்வொரு கிளப்புலயும் கொஞ்சங் கொஞ்சமாத் தேஞ்சுக்கிட்டிருக்குதுங்கறது எனக்குத் தெரியாமலா இருந்துது? தெரியும். அதைப் பாக்கறதுக்கு முன்னாலயே நான் ராக்கியண்ணனை நெனைச்சு வருத்தப்படப் போயிருவேன்.

“நீங்க தகட்டை அடிச்சுக் குடுங்க”ன்னாரு. “எட்டு மணி நேரம் நான் வெச்சுத் தர்றேன். ஒவ்வொரு கிளப்புக்கும் கடுதாசி போடுங்க. அதை வெச்சுச் சுடாதீங்க, ஆபத்து, கழட்டி அனுப்புங்க, புதுசு தர்றோம்னு எழுதுங்க.”

பழைய டெஸ்பாட்ச் கிளார்க்கு ஊட்டு அட்டாலில பேர் லிஸ்டு இருந்துது. நூத்திப் பன்னெண்டு முகவரி. சிநேகிதன் பிரஸ்ல நானூறு கொண்டி அடிச்சேன். ராக்கியண்ணன் கெட்டி பண்ணாரு. ஒண்ணைக்கூட நான் அறுத்துப் பாக்கத் தேவையில்லை, இருந்தாலும் பத்துக்கு ஒண்ணு அறுத்துத் தோலை அளந்தேன். அதை மட்டும் ஒழுங்காச் செஞ்சேன்.

கடுதாசியை இங்கிலீஷ்ல எழுதோணும்னு நான்தான் சொன்னேன். கிளப்புக வடக்கயெல்லாம் இருக்குது, தமிழ்ல எழுதுனா எப்படிப் படிப்பாங்க. அது நெசமும்தான். ராக்கியண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாதுங்கறதும் நெசம்தான்.

நான் எழுதுனது என்னன்னா, மயில் ரைஃபிளுக்கு மேம்படுத்தப்பட்ட கொண்டி இப்போது இலவசமாக வழங்கப்படுகிறது, விருப்பமுள்ளவர்கள் பழையதை அனுப்பி மாற்றிக்கொள்ளலாம். விருப்பமுள்ளவர்கள். நூத்திப் பன்னெண்டு கார்டு, என் கையாலயே எழுதுனேன். ஒவ்வொரு கார்டுலயும் அந்த எடம் வர்றப்போ, இந்த ஒண்ணுல மட்டுமாவது ‘ஆபத்து’ன்னு எழுதிப்போடலாம்னு தோணும். எழுதுனா ஏன்னு கேப்பாங்க. அடியில என் பேரு இருக்குதே.

சுட்டுக்கிட்டிருக்கற துப்பாக்கியை யாரு விருப்பப்பட்டுக் கழட்டுவாங்க? ஒரு வருசத்துல அறுபத்தேழு கொண்டி வந்துது.

ராக்கியண்ணன் நான் போறப்பெல்லாம் கேப்பாரு. “எச்சா வந்துதுங்களா?” அறுபத்தேழோட நின்னு போச்சுன்னு சொன்ன அன்னிக்கு, கைல இருந்த குறடைக் கீழ வெச்சுட்டு என்னையப் பாத்தாரு.

“சுடாதீங்கன்னு எழுதியுமா?”

“எழுதியும்தானுங்கண்ணா.”

“ஆபத்துன்னு எழுதியுமா சனங்க கழட்டி அனுப்பலை?”

“சனங்க அப்படித்தானுங்கண்ணா”ன்னேன்.

தலையை ஆட்டிக்கிட்டாரு. நம்பிட்டாரு. சீட்ல கறுப்பு மையைக் கண்டுபிடிச்ச மனுசன், அதை நம்பிட்டாரு. ரெண்டாயிரத்துப் பதினொண்ணுல எறந்து போனாரு. எழவு வீட்ல அவரு மகன் என் கையப் பிடிச்சுக்கிட்டு, “அப்பா சாகற வரைக்கும் அந்தக் கிளப்புக்காரங்களைத் திட்டிக்கிட்டே இருந்தாருங்க, சொன்னாலும் கேக்கறதில்லை மடையனுகன்னு” அப்படின்னான். மிச்சக் கொண்டியெல்லாம் எண்ணெய்க் காகிதத்துல சுத்தி ஒரு டப்பாவுல என்கிட்டக் குடுத்தான். இருக்குது, உங்களுக்குத் தர்றேன்.

அதுக்கப்புறம் எங்கயாவது வெடிச்சுதாங்கறீங்களா? தெரியாதுங்க. நான் தேடிப் பாக்கறதில்லை.

உங்க மூணுல ஒண்ணு எம்பத்தஞ்சுன்னு சொன்னீங்களே. ஊட்டுக்குப் போனதும் கழட்டிப் பாருங்க. ஓட்டை இல்லைன்னா...

சரி, எழுதிக்குங்க. புஸ்தகத்துல மொதல் பக்கத்துலயே போடுங்க, பாகம் மாறுன கதையெல்லாம் அதுக்கப்புறம் வரட்டும். சொல்றேன். எம்பத்தி நாலுல இருந்து எம்பத்தாறு வரைக்கும் வந்த மயில் ரைஃபிள்கள்ல, கொண்டியோட கெட்டித்தன்மை சில சமயம் எதிர்பார்த்த அளவுக்கு...

இல்லீங்க. அதை அடிச்சுருங்க.

அந்த வருசத்து மயிலை வெச்சிருக்கறவங்க, கொண்டியை ஒருமுறை பரிசோதிச்சுக்கறது நல்லதுன்னு...

பாத்தீங்களா, மறுபடியும் அதேதான் வருது. என் வாய்ல வேற வராதுங்க. பேனா உங்க கைலயே இருக்கட்டும் அம்மிணி. நான் சொல்றதைக் கேட்டு எழுதாதீங்க. நீங்களா எழுதுங்க.